குடியிருந்தால் நிலம் உனக்கு: ஹோம்ஸ்டெட் என்றால் என்ன?

1868 ஜனவரியில், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிரவுன்வில் என்ற ஆற்றங்கரை ஊரில் இருந்த அரசு நில அலுவலகத்தில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். தங்கள் அண்டை வீட்டுக்காரரைப் பற்றி அவர்கள் சொன்னதன் சாரம் இது: இவர் குடும்பத் தலைவர், மனைவியும் இரண்டு குழந்தைகளும் உண்டு, ஐந்து வருடமாக இந்த நிலத்தில்தான் குடியிருக்கிறார், வீடு 14 அடிக்கு 20 அடி, ஒரு பகுதி மரக்கட்டை, மறு பகுதி பலகை, இரண்டு கதவு, இரண்டு ஜன்னல், பலகைத் தரை, 35 ஏக்கர் அளவுக்கு உழுது, வேலி போட்டு, பயிர் வைத்திருக்கிறார், ஒரு லாயம், 100 அடி நீளத்தில் ஓர் ஆட்டுக் கொட்டகை, மக்காச்சோளம் போட்டு வைக்க ஒரு பத்தாயம் கட்டியிருக்கிறார், 40 ஆப்பிள் மரமும் சுமார் 400 பீச் மரமும் நட்டிருக்கிறார்.

அந்த அண்டை வீட்டுக்காரரின் பெயர் டேனியல் ஃப்ரீமேன். அமெரிக்காவின் முதல் ஹோம்ஸ்டெடர், அதாவது குடியிருந்தே அரசு நிலத்தைச் சொந்தமாக்கிக்கொண்ட முதல் ஆள், என்று அந்நாட்டு அரசு கொண்டாடும் மனிதர். ஹோம்ஸ்டெட் என்ற சொல்லைக் கௌபாய் படங்களிலும் பாடப் புத்தகத்திலும் பார்த்துவிட்டு, ஏதோ இலவச நிலத் திட்டம் என்று கடந்துபோனவர்களுக்கு, இந்த ஒருவரின் வாழ்வையும் சாவையும் வைத்தே அதை விளக்கிவிடலாம். மேலே சொன்ன சாட்சிப் பத்திரத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்த ஹோம்ஸ்டெட் சட்டமும் அந்த ஒரு காகிதத்தில்தான் வந்து நிற்கிறது.

சட்டம் எளிமையானது. 1862 மே 20 அன்று ஆபிரகாம் லிங்கன் அதில் கையெழுத்திட்டார். 21 வயது நிரம்பியவர் அல்லது ஒரு குடும்பத்தின் தலைவர், அமெரிக்கக் குடிமகனாகவோ குடியுரிமைக்கு மனு கொடுத்தவராகவோ இருந்து, அந்நாட்டு அரசுக்கு எதிராக ஆயுதம் ஏந்தாதவராகவும் இருந்தால், அரசு நிலத்தில் 160 ஏக்கர் வரை கேட்கலாம். மனுக் கட்டணம் 10 டாலர், அலுவலகத் தரகு 2 டாலர். பிறகு அங்கே போய்க் குடியிருந்து, வீடு கட்டி, பயிர் செய்ய வேண்டும். ஐந்து வருடம் முடிந்ததும் இரண்டு சாட்சிகளோடு வந்து அதை நிரூபித்து, இன்னும் 6 டாலர் கட்டினால் நிலம் சொந்தம். ஆக மொத்தம் 18 டாலர். அப்போது அரசு நிலத்தின் வழக்கமான விலை ஏக்கருக்கு ஒன்றேகால் டாலர். அந்தக் கணக்கில் 160 ஏக்கருக்கு 200 டாலர் ஆகியிருக்கும்.

அரசு கடைசியில் கொடுக்கும் உரிமைப் பத்திரத்துக்கு அங்கே பேட்டன்ட் என்று பெயர். கண்டுபிடிப்புகளுக்குக் கொடுக்கும் காப்புரிமைக்கும் அதே சொல்தான், குழம்ப வேண்டாம். இந்தக் கட்டுரையில் நான் அதைப் பட்டா என்றே சொல்கிறேன்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. நிலத்தின் விலையைப் பணத்தில் வாங்காமல், குடியிருக்கும் காலத்தில் வாங்கியது இந்தச் சட்டம். நீ யார், என்ன படித்தாய், பரம்பரை என்ன என்று கேட்கவில்லை. அங்கே இருந்தாயா என்பதுதான் கேள்வி. அதனால்தான் சாட்சிகள் ஜன்னலை எண்ணினார்கள், மரத்தை எண்ணினார்கள். ஜன்னல் இருந்தால் ஆள் இருந்திருப்பான், பீச் மரம் நட்டவன் ஓடிப்போக மாட்டான் என்ற கணக்கு. காத்திருக்கப் பொறுமையில்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழியும் வைத்திருந்தார்கள்: ஆறு மாதம் குடியிருந்துவிட்டு ஏக்கருக்கு ஒன்றேகால் டாலர் கட்டி நிலத்தை முடித்துக்கொள்ளலாம். இந்த வாசல் வழியாகப் பெரிய பணக்காரர்கள் எத்தனை பேர் தங்கள் கூலியாட்களின் பெயரில் புகுந்தார்கள் என்பது தனிக் கதை. சக்கரம் வைத்த வீட்டை ஒவ்வொரு நிலமாக இழுத்துக்கொண்டு போய் “வீடு இருக்கிறது” என்று சத்தியம் செய்தார்கள், அடிக்கணக்கில் இருக்க வேண்டிய வீட்டை அங்குலக் கணக்கில் பொம்மை வீடாகச் செய்து வைத்தார்கள் என்றெல்லாம் பழைய கதைகள் உலவுகின்றன. எவ்வளவு உண்மையோ, இப்படி ஒரு சட்டம் வந்தால் இப்படிக் கதைகள் பிறக்கத்தான் செய்யும்.

இந்தச் சட்டம் ஏன் 1862-இல் வந்தது, அதற்கு முன் ஏன் வரவில்லை என்று கேட்டால், விடை அடிமை முறையில் இருக்கிறது. மேற்கே சிறு விவசாயிகள் நிரம்பினால் அங்கே அடிமை முறை வேர் பிடிக்காது என்று தென் மாநிலங்கள் இதைப் பல வருடம் தடுத்து வந்தன. 1860-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய இதே மாதிரியான மசோதாவை அன்றைய அதிபர் புக்கானன் தள்ளுபடி செய்தார். தெற்கு பிரிந்து போய்ப் போர் மூண்டதும் தடுக்க அவையில் ஆளில்லை. ஆயுதம் ஏந்தாதவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எங்கிருந்து வந்தது என்பதும் இப்போது புரியும்.

நிலத்தை எப்படி அளந்தார்கள்

1785-ஆம் வருடத்து நில ஆணை ஒன்று, மலை, ஆறு எதையும் பார்க்காமல் நாட்டின் மேல் கட்டம் போட்டுவிட்டது. ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 கட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். இதற்கு செக்ஷன் என்று பெயர். அதில் கால் பங்கு 160 ஏக்கர், ஏறக்குறைய 65 ஹெக்டேர். விமானத்தில் அமெரிக்காவின் நடுப்பகுதிக்கு மேல் பறந்தவர்கள் ஜன்னல் வழியே பார்த்த சதுரங்கப் பலகை இதுதான்.

பெரும்பாலானவர்கள் ஒரு முழுச் சதுரமாகவே கால் செக்ஷனை எடுத்துக்கொண்டார்கள். ஃப்ரீமேன் அப்படிச் செய்யவில்லை. கால் செக்ஷனையும் நாலாக வெட்டினால் 40 ஏக்கர் துண்டுகள் கிடைக்கும். அவர் மூன்று துண்டுகளை ஒரே வரிசையில் எடுத்து, நடுத்துண்டின் தலைக்கு மேல் நாலாவதை வைத்தார். படத்தில் பார்த்தால் கவிழ்த்து வைத்த ஆங்கில டி எழுத்து. சதுரமாக எடுத்திருந்தால் எல்லையைச் சுற்றி இரண்டு மைல். இந்த வடிவத்தில் இரண்டரை மைல். வேலி போடுகிறவனுக்கு அரை மைல் கூடுதல் வேலை. யாராவது வேண்டுமென்றே செய்வார்களா என்று தோன்றும். நிலப்படத்தில் கப் கிரீக் என்ற ஓடை வளைந்து போகும் தடத்தைப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். புல்வெளி நாட்டில் மரம் என்பது ஓடைக் கரையில் மட்டும்தான். மரம் இருந்தால் வீட்டுக்கு உத்திரம், அடுப்புக்கு விறகு, வேலிக்குக் கம்பு. மாட்டுக்கும் மனிதனுக்கும் தண்ணீர். நிலம் பார்க்கத் தெரிந்த மனிதர் என்பதற்கு இந்தக் கோணல் வடிவத்தைவிட வேறு சான்று வேண்டாம்.

நள்ளிரவு மனு

ஃப்ரீமேன் 1826-இல் ஓஹையோவில் பிறந்து, இல்லினாயில் வளர்ந்தவர். சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 1863 ஜனவரி 1. அன்று நடந்ததாக அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்த கதை இது: ராணுவ வேலையில் இருந்தேன், உடனே பணிக்குத் திரும்ப வேண்டியிருந்தது, பிரவுன்வில் ஊரே நிலம் கேட்டு வந்தவர்களால் நிரம்பி வழிந்தது, மறுநாள் புத்தாண்டு, அலுவலகம் திறக்காது, அன்றிரவு நடந்த விருந்தில் அலுவலக எழுத்தரைப் பிடித்து நிலைமையைச் சொன்னேன், நள்ளிரவு கடந்து சில நிமிடங்களில் அவர் எனக்காகக் கதவைத் திறந்தார்.

நல்ல கதை. அவர் வாய்ச்சொல்லைத் தவிர இதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. அதே நாளில் நாடு முழுவதும் வேறு அலுவலகங்களில் நூற்றுக்கணக்கானவர்கள் மனு போட்டார்கள். கடிகாரம் வைத்துப் பார்த்து யார் முதல் என்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் ஃப்ரீமேனிடம் ஒரு காகித பலம் இருந்தது. பிரவுன்வில் அலுவலகத்தில் அவர் மனு எண் 1. நிரூபித்த சான்றிதழ் எண் 1. 1869 செப்டம்பர் 1 தேதியிட்ட அவருடைய பட்டா, முதல் தொகுதியின் முதல் பக்கத்தில் பதிவானது. தான்தான் முதல் ஆள் என்று பிற்காலத்தில் அவர் கடிதம் எழுதியும் பேசியும் நிலைநாட்டிக்கொண்டார். எனக்கு இதில் குறை சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. முதல் இடத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் உலகில் ஏராளம். பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் குறைவு.

பிரவுன்வில்லிலிருந்து அவருடைய நிலம் மேற்கே சுமார் 100 கிலோமீட்டர். இன்றைய கேஜ் மாவட்டத்தில், பியாட்ரிஸ் என்ற ஊருக்குச் சற்று வெளியே இருக்கிறது. அவர் மனு போட்டபோது நெப்ராஸ்கா மாநிலமாகக்கூட ஆகியிருக்கவில்லை. அவருடைய ஐந்து வருடக் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போதே, 1867-இல்தான் அது மாநிலமானது.

ஐந்து வருடம் என்றால் என்ன

பிரெய்ரி என்பதை வெறும் புல்வெளி என்று மொழிபெயர்த்துவிட்டால் பாதி விஷயம் போய்விடும். கேஜ் மாவட்டத்தில் இருந்தது உயரப்புல் பிரெய்ரி. அதன் ராஜா பெரிய நீலத்தண்டுப் புல், ஆள் உயரத்துக்கும் மேல் வளரும். தரைக்கு மேல் தெரிவது கொஞ்சம், கீழே இருப்பதுதான் அதிகம். பல அடி ஆழத்துக்கு வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கம்பளம் போல இறுகிக் கிடக்கும். கிழக்கிலிருந்து கொண்டுவந்த வார்ப்பிரும்புக் கலப்பைகளில் இந்தக் கருமண் அப்பிக்கொண்டு நகர விடாது. 1837-இல் ஜான் டியர் என்ற கொல்லர் மெருகேற்றிய எஃகுக் கொழு வைத்த கலப்பையைச் செய்த பிறகுதான் இந்த மண் வசத்துக்கு வந்தது. முதல் உழவை அங்கே உழுதல் என்று சொல்ல மாட்டார்கள், நிலத்தை உடைத்தல் என்பார்கள். ஐந்து வருடத்தில் ஃப்ரீமேன் பயிர் வைத்தது 35 ஏக்கர்தான், 160-இல் கால் பங்குகூட இல்லை. சோம்பேறித்தனம் அல்ல, அந்த வேர்களின் பலம் அது.

அவருக்கு ஓடைக்கரை மரம் கிடைத்தது, மரவீடு கட்டினார். இன்னும் மேற்கே போனவர்களுக்கு அந்த யோகம் இல்லை. அவர்கள் உடைத்த மண்ணையே வேரோடு செங்கல் போல நீளநீளமாக அறுத்து, புல்பக்கம் கீழே வரும்படி அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். கோடையில் குளுமை, குளிரில் கதகதப்பு, செலவும் சொற்பம். நெப்ராஸ்கா சலவைக்கல் என்று தாங்களே கேலியாகப் பெயர் வைத்துக்கொண்டார்கள். மழை பெய்தால்தான் தெரியும் வண்டவாளம். வெளியே மழை ஒருநாளில் நிற்கும். கூரை மண்ணில் ஊறிய தண்ணீர் அதற்குப் பிறகும் உள்ளே சொட்டிக்கொண்டிருக்கும். சமைக்கும்போது சட்டிக்கு மேல் மண் விழாமல் இருக்க உத்திரத்தில் துணி கட்டினார்கள். அந்தத் துணிக்கு மேல் பாம்பு வந்து படுத்துக்கொள்வதும் உண்டு. அடுப்புக்கு முறுக்கிய வைக்கோல், மக்காச்சோளச் சக்கை, காட்டெருமைகளின் காய்ந்த சாணம்.

1874-இல் வெட்டுக்கிளிக் கூட்டம் வந்தது. வானம் இருண்டு, இறங்கிய இடத்தில் பயிரைத் தின்று முடித்து, பிறகு குதிரைச் சேணத்தின் தோலையும் கருவிகளின் மரப்பிடியையும் கடித்தது. 1888 ஜனவரி 12 அன்று காலை இதமான வெயில். பிள்ளைகள் கனத்த மேலங்கி இல்லாமல் பள்ளிக்குப் போனார்கள். மதியம் திடீரென்று பனிப்புயல் இறங்கி, 200-க்கும் மேற்பட்டவர்கள் மடிந்தார்கள். வீடு திரும்பும் வழியில் சிக்கிய பள்ளிப் பிள்ளைகள் அதில் பலர். இவற்றுக்கெல்லாம் சட்டத்தில் ஒரு வரியும் கிடையாது. சட்டத்துக்குத் தெரிந்தது ஐந்து வருடம் என்ற கணக்கு ஒன்றுதான்.

எத்தனை பேர் தாக்குப்பிடித்தார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் வாதம் நடக்கிறது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் விட்டுவிட்டுப் போனார்கள் என்பது பழைய கருத்து. அவ்வளவு மோசமில்லை என்கிறது அண்மைக் கால ஆய்வு. முடித்துப் பட்டா வாங்கியவர்கள் சுமார் 16 லட்சம். அவர்கள் கைக்குப் போனது 27 கோடி ஏக்கர், அமெரிக்க நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு. நெப்ராஸ்காவில் மட்டும் பார்த்தால் மாநிலத்தின் ஏறக்குறைய பாதி நிலம் இப்படிப் போனதுதான்.

குடும்பத் தலைவர் என்ற சொல்

சாட்சிப் பத்திரத்தில் “மனைவி, இரண்டு குழந்தைகள்” என்று பெயரில்லாமல் நிற்கும் அந்த மனைவி ஆக்னஸ். அயோவா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள லெக்ளேர் ஊர்ப் பெண். ஃப்ரீமேனின் தம்பி ஜேம்ஸுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவர். தம்பி உள்நாட்டுப் போரில் இறந்துபோக, அண்ணன் கடிதம் எழுத ஆரம்பித்தார். கடிதத்திலேயே பேச்சு முடிந்து, 1865-இல் கல்யாணம் நடந்தது. அதன் பிறகுதான் ஆக்னஸ் நெப்ராஸ்காவைக் கண்ணால் பார்த்தார். ஆக, மனு போட்டபோது அவர் கதையிலேயே இல்லை. நிரூபித்தபோது அவர் இல்லாமல் அந்தப் பத்திரமே இல்லை. 400 பீச் மரத்துக்கும் ஒருவரே தண்ணீர் ஊற்றியிருக்க முடியாது என்பதைச் சொல்ல வரலாற்று ஆய்வு தேவையில்லை.

சட்டம் பெண்களைப் பார்த்த விதம் விசித்திரமானது. கல்யாணம் ஆகாத பெண் 21 வயதில் தன் பெயரில் மனு போடலாம், விதவையும் போடலாம். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்தான், பல பெண்கள் அப்படி நிலம் வாங்கினார்கள். கணவனோடு வாழும் பெண் மட்டும் பொதுவாகத் தன் பெயரில் கேட்க முடியாது. அவர் தலைவர் அல்ல, தலைவரின் குடும்பம்.

கெடு முடியும் முன் தலைவர் செத்துப்போனால்? இந்தக் கேள்வியைச் சட்டம் எழுதியவர்கள் மறக்கவில்லை. விதவை மீதிக் காலத்தை இருந்து முடித்துத் தன் பெயரில் பட்டா வாங்கலாம். அவரும் இல்லையென்றால் வாரிசுகள் வாங்கலாம். தாய் தந்தை இருவரும் போய் 21 வயது நிரம்பாத பிள்ளைகள் மட்டும் மிஞ்சினால், உரிமை அந்தப் பிள்ளைகளுக்கு. இறப்பவர்கள் இருப்பார்கள் என்று தெரிந்தே எழுதிய சட்டம். பட்டாவில் பெண் பெயர் இருக்கும் பல இடங்களில், அதற்குப் பின்னால் ஒரு புதைகுழியும் இருக்கிறது.

யாருடைய நிலம்

அரசு நிலம் என்ற சொல்லை இதுவரை நான் கூச்சமில்லாமல் எழுதிவந்தேன். அரசுக்கு அது எப்படி வந்தது? தென்கிழக்கு நெப்ராஸ்கா ஓட்டோ-மிசௌரியா மக்களின் பூமி. 1854-இல் ஓர் ஒப்பந்தம் போட்டு அவர்களைப் பிக் ப்ளூ ஆற்றங்கரையில் ஒரு துண்டு நிலத்துக்குள் அடைத்தார்கள். அந்தத் துண்டும் கேஜ் மாவட்டத்தின் தெற்கில்தான். அதாவது ஃப்ரீமேன் குடும்பம் ஆப்பிள் மரம் வளர்த்த காலத்தில், நிலத்தை இழந்தவர்கள் அதே மாவட்டத்தில் இருந்தார்கள். குடியேறிகளுக்கு அந்தத் துண்டும் வேண்டியிருந்தது. அதையும் விற்கச் செய்து, 1880-களின் தொடக்கத்தில் அவர்களை இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

1887-இல் டாஸ் சட்டம் என்று ஒன்று வந்தது. பூர்வகுடிகளின் பொது நிலத்தைப் பிரித்துக் குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர் என்று கொடுத்துவிட்டு, மிஞ்சியதை வெளியாட்களுக்குத் திறந்துவிடும் சட்டம். அதே 160, அதே “குடும்பத் தலைவர்”. ஒரு கூட்டத்துக்கு நிலம் கொடுத்த அளவுகோலை வைத்தே இன்னொரு கூட்டத்திடமிருந்து நிலத்தை எடுத்தார்கள். குடியிருந்தவனுக்கே நிலம் என்ற சட்டத்தின் கேள்வியை ஓட்டோ மக்களிடம் கேட்டிருந்தால், சாட்சி சொல்ல எத்தனை தலைமுறை வந்திருக்கும்?

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினத்தவர்கள் குடியுரிமை பெற்ற பிறகு இந்தச் சட்டத்தின் வழியாக நிலம் கண்டார்கள். கான்சஸ் மாநிலத்தில் 1877-இல் அவர்கள் அமைத்த நிக்கோடிமஸ் ஊர் இன்றும் இருக்கிறது. அடுத்த நாடான கனடா 1872-இல் இதே பாணியில் சட்டம் போட்டது: 160 ஏக்கர், 10 டாலர், மூன்றே வருடம். அமெரிக்கா தன் கெடுவை மூன்று வருடமாகக் குறைக்க 1912 வரை எடுத்துக்கொண்டது.

பெரியவரின் வழக்கு

பட்டா வாங்கியதும் நிலத்தை விற்றுவிட்டு இன்னும் மேற்கே போனவர்கள் ஏராளம். ஃப்ரீமேன் அசையவில்லை. குடும்பம் பெருகியது, நிலமும் பெருகியது. ஊரில் மதிப்பும், அதற்கேற்ற பிடிவாதமும் வளர்ந்தன. அந்தப் பிடிவாதம் அவரைப் பற்றி நாம் பேசுவதற்கு இரண்டாவது காரணமாக அமைந்தது.

அவர் பகுதியின் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை தினமும் பைபிள் வாசித்து, ஜெபம் செய்து, துதிப்பாடல் பாட வைத்தார். ஃப்ரீமேனுக்கு அது பிடிக்கவில்லை. பொதுப் பள்ளிக்கூடம் கோயில் அல்ல என்று பள்ளி நிர்வாகத்திடம் போனார். அவர்கள் ஆசிரியை பக்கம் நின்றார்கள். கிழவர் நீதிமன்றம் போனார். மாவட்ட நீதிமன்றத்தில் தோற்றார். மேல்முறையீடு செய்தார். 1902-இல் நெப்ராஸ்கா உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது: பொதுப் பள்ளியில் இப்படி வழிபாடு நடத்துவது மாநில அரசியல் சட்டத்துக்கு விரோதம். அமெரிக்க நாட்டின் உச்ச நீதிமன்றம் பள்ளிக்கூட ஜெபத்தைப் பற்றிப் பேச இன்னும் அறுபது வருடம் இருந்தது. வழக்கில் வென்றபோது ஃப்ரீமேனுக்கு 76 வயது. இந்த வயதில் ஊரைப் பகைத்துக்கொண்டு வழக்கு நடத்தும் தாத்தாக்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்கள் வெல்வதுதான் அபூர்வம்.

அந்தச் சர்ச்சையில் பேர்போன செங்கல் பள்ளிக்கூடம் 1872-இல் கட்டியது. 1967 வரை அதில் பிள்ளைகள் படித்தார்கள். கட்டடம் இன்றும் நிற்கிறது.

1908 டிசம்பர் 30 அன்று டேனியல் ஃப்ரீமேன் இறந்தார். அந்த நள்ளிரவு மனுவுக்கு 46 வருடம் நிறைய இரண்டே நாள் பாக்கி. சட்டம் கேட்டது ஐந்து வருடம். அவருடைய நிலத்திலேயே அடக்கம் செய்தார்கள். ஆக்னஸ் அதன் பின் 22 வருடங்களுக்கு மேல் வாழ்ந்து, 1931-இல் அவர் பக்கத்துக்கு வந்து சேர்ந்தார்.

கவிழ்ந்த டி வடிவத்தில் இப்போது என்ன இருக்கிறது

சட்டம் அவரைவிட நெடுங்காலம் உயிரோடு இருந்தது. நல்ல நிலமெல்லாம் போனபின், 1909-இல் வறண்ட பகுதிகளுக்கு 320 ஏக்கராக உயர்த்தினார்கள். அமெரிக்கப் பெருநிலத்தில் 1976-இல் அதை நீக்கினார்கள். அலாஸ்காவில் மட்டும் இன்னும் பத்து வருடம், 1986 வரை விட்டுவைத்தார்கள். கடைசிப் பட்டா அலாஸ்காவில் ஓர் ஆற்றங்கரை நிலத்துக்கு 1988-இல் கொடுத்தது. லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தின்படி நிலம் வாங்கிய ஒருவர் தொலைக்காட்சி பார்த்த தலைமுறைக்காரர் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் வியப்புத்தான்.

ஃப்ரீமேனின் 160 ஏக்கரை நினைவிடமாக்க 1936-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 1938-இல் அரசு நிலத்தை வாங்கியது. 18 டாலருக்குக் கொடுத்ததைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கியது என்று சொல்லலாம். இன்று அது ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்கா. அவருடைய மரவீடு மிஞ்சவில்லை. அந்தக் காலத்து வீடு எப்படி இருக்கும் என்று காட்ட, அதே மாவட்டத்தில் 1867-இல் வேறொரு குடும்பம் கட்டிய மரவீட்டைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். உள்ளே நின்று பார்த்தால், ஃப்ரீமேனின் 14-க்கு 20 எவ்வளவு என்று புரிந்துவிடும்: ஒரு கட்டில், ஓர் அடுப்பு, ஒரு மேசை, அவ்வளவுக்குத்தான் இடம்.

வயல்களை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. எழுபது வருட உழவில் மேல்மண் அரித்துப் போயிருந்தது. 1939-இல் பூங்கா ஊழியர்கள் அங்கே புல் விதைக்கத் தொடங்கினார்கள். அதே பெரிய நீலத்தண்டுப் புல்; பட்டா வாங்குவதற்காக உடைத்தெறிந்த அதே வேர். இன்று நூறு ஏக்கர் அளவுக்கு உயரப்புல் பிரெய்ரி அங்கே காற்றில் அசைகிறது. அதில் தானாக ஒரு மரக்கன்று முளைத்துத் தலைதூக்கினால், புல்லைக் காப்பதற்காக ஊழியர்கள் காலம் பார்த்துத் தீ வைத்து எரிக்கிறார்கள்.